ஒரே மேசையில் இரண்டு ருசிகள்

தம்பதிகளுக்கிடையே அடிக்கடி எழுந்து, தீர்ப்பு ஒன்றும் பெறாமலே அடங்கிப்போகும் விவாதங்களுள் உணவின் ருசியைப் பற்றிய விவாதம் முதன்மையானது. கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலில் குடியிருக்கும் ஒரு தம்பதியை உதாரணத்துக்காக மனத்தில் கற்பித்துக்கொள்வோம். மனைவி அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கணவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து உத்தியோக நிமித்தமாக வந்து, அங்கேயே பெண் எடுத்து, அங்கேயே தங்கிவிட்டவர். இருவரும் ஒரு சனிக்கிழமை மாலை நாகர்கோவிலுக்குத் துணிமணி வாங்கப் போகிறார்கள். வேலை முடிந்ததும், மணிமேடைக்குப் பக்கத்துத் தெருவில், ஆடம்பரம் ஏதுமில்லாத ஓர் ஓட்டலில் இராச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். மரச்சீனி எனப்படும் மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன்கறியும் வருகின்றன. கோழி வறுவல் வருகிறது. தொட்டுக்கொள்ள முட்டைக்கோஸ் துவரனும் வருகிறது. “மீன்கறி நல்லாத்தான இருக்கு, சாப்பிடுங்க” என்கிறார் மனைவி. “எனக்குத் தேங்காயெண்ணெ வாடைதான் முன்னால வருது” என்கிறார் கணவர். துவரனில் ஒரு வாய் எடுத்ததுமே மனைவி, “கசக்குது” என்று இலையோரம் ஒதுக்குகிறார். அதே துவரனைக் கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார். வறுவலின் காரம் மனைவியின் கண்ணில் நீரை வரவழைக்கிறது; கணவருக்கோ அது உறைக்கவே இல்லை.

இப்படிப்பட்ட சமயங்களில், ஒருவர் மற்றவரைப் பிடிவாதக்காரர் என்றோ, ருசி அறியாதவர் என்றோ, வேண்டுமென்றே குறை சொல்பவர் என்றோ முடிவு கட்டிவிடுவது மனித சுபாவம். பதார்த்தம் ஒன்று, பாத்திரம் ஒன்று, பரிமாறிய கரண்டியும் ஒன்றாக இருக்கையில் ருசி மட்டும் எவ்வாறு இரண்டாகும் என்று நமக்குத் தோன்றுவது இயற்கையே. ஆனால், ருசி என்பது பதார்த்தத்தில் மட்டும் குடியிருக்கும் குணமன்று, அதை உண்பவரின் நாவும் மூக்கும் நரம்பும் நினைவும் சேர்ந்து ஒவ்வொரு கவளத்திலும் புதிதாகச் சிருஷ்டித்துக்கொள்ளும் அனுபவம் என்பதைக் கடந்த ஒரு நூற்றாண்டுக் கால ஆராய்ச்சி ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியிருக்கிறது. மேற்சொன்ன தம்பதியர் இருவரும் உண்மையையே பேசினார்கள்; இருவர் உண்டதும் ஒரே உணவு அன்று.

இந்த உண்மை வெளிப்பட்டதே இரண்டு பேருக்கிடையே நேர்ந்த ஒரு கருத்து வேற்றுமையால்தான். 1931ஆம் ஆண்டில், அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ரசாயனக் கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்பவர் ஃபீனைல் தயோகார்பமைடு என்ற பொருளைத் தயாரித்து, அதன் தூளை ஒரு புட்டியில் இட்டுக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் தூள் காற்றில் பறந்தது. அறையில் இருந்த சகாவாகிய நோலர் என்பவர், காற்றே கசக்கிறது என்று முறையிட்டார். தூளுக்கு மிக அருகில் நின்ற ஃபாக்ஸுக்கோ எவ்விதக் கசப்பும் தெரியவில்லை; தம் நாவிலேயே சிறிது வைத்துப் பார்த்தும் சுண்ணாம்புத் தூளைப் போலச் சப்பென்றுதான் இருந்தது. இருவரும் தத்தம் கட்சியை விடாமல் வாதித்தனர். பின்னர் ஃபாக்ஸ் அப்பொருளைப் பலரிடமும் கொடுத்துச் சோதித்தபோது, மனிதர்கள் இதில் இரு பிரிவினராக இருப்பது புலப்பட்டது. ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ போன்ற மரபியல் அறிஞர்கள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, இவ்வேற்றுமை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வம்ச வழியாக வருவது என்று கண்டனர். அதுமுதல் உலகின் பற்பல சமூகங்களிலும் இச்சோதனை நடத்தப்பட்டு வந்திருக்கிறது. கசப்பை உணராதவர்களின் விகிதம் தேசத்துக்குத் தேசம் மாறுபட்டாலும், இரு பிரிவினரும் இல்லாத பெரிய ஜனசமூகம் எதுவும் இல்லை எனலாம்.

இதற்குக் காரணமான மரபணு 2003இல், டென்னிஸ் டிரேனா என்பவரின் தலைமையில் உழைத்த அமெரிக்க விஞ்ஞானிகளால் கண்டுபிடிக்கப்பட்டது. நம் ஏழாவது குரோமோசோமில் உள்ள அம்மரபணு, கசப்பை உணரும் ஏற்பி என்னும் புரதத்தைப் படைப்பது. மனிதனிடம் ஏறக்குறைய 25 வகைக் கசப்பு ஏற்பிகள் உண்டு. அவற்றுள் இது ஒன்று. இப்புரதத்தில் மூன்றே மூன்று இடங்களில் அமினோ அமிலம் மாறியிருந்தால், அந்தக் கசப்பு ஒருவருக்குக் கடுமையாகத் தோன்றுவதும், மற்றவருக்குத் தோன்றாமலே போவதும் நிகழ்கின்றன. முட்டைக்கோஸ், பூக்கோஸ், முள்ளங்கி, கடுகு ஆகிய ஒரே குடும்பத்துத் தாவரங்களில் கந்தகம் கலந்த சில ரசாயனப் பொருள்கள் உண்டு; அவை அமைப்பில் ஃபாக்ஸின் தூளை ஒத்திருப்பதால், இதே ஏற்பியைத் தூண்டுகின்றன. ஆகவே, நாம் கற்பித்த மனைவி துவரனை ஒதுக்கியதற்கும், கணவர் அதை மறுபடியும் கேட்டு வாங்கியதற்கும், அவர்கள் பிறக்கும்போதே எழுதப்பட்ட மூன்று எழுத்து மாற்றங்கள் காரணமாக இருந்திருக்கக்கூடும்.

கசப்பை உணர இத்தனை ஏற்பிகளை இயற்கை ஏன் படைத்தது என்ற வினாவுக்கு விடை தேட இரணியலை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அவ்வூர்ப் புரையிடங்களில் விளையும் மரச்சீனியே போதும். தென்னமெரிக்காவில் பிறந்து கடல் கடந்து வந்த இக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் தம் பிரஜைகளிடையே ஊக்கத்துடன் பரப்பினார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூர்க் குடிகளின் பசியைப் பெருமளவு ஆற்றியது இதுவே. இத்தனை உபகாரியான கிழங்கு தன்னுள் ஒரு நஞ்சின் விதையையும் தாங்கி நிற்கிறது. அதிலுள்ள லினமாரின் என்னும் பொருள், கிழங்கின் திசுக்கள் சிதையும்போது சயனைடு நஞ்சை வெளியிட வல்லது. கசப்பு மிகுந்த ரகங்களில் பொதுவாக அப்பொருளும் மிகுதி. தண்ணீர் நிறைய வைத்து அவித்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டுப் பிறகே கிழங்கைப் பரிமாறும் அவ்வட்டாரப் பெண்களின் வழக்கம், அனுபவம் போதித்த நச்சு நீக்கும் முறையே ஆகும். தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளப் படைத்த எண்ணற்ற நஞ்சுகள் கசப்பானவை. அவற்றை விழுங்குமுன்பே காட்டிக்கொடுப்பது கசப்பு உணர்ச்சியின் தொழில். ஆகவே, பாகற்காயைத் துப்பும் குழந்தை பெற்றோரை எதிர்க்கவில்லை. லட்சக்கணக்கான வருஷங்கள் மனித இனத்தைக் காத்துவந்த ஓர் எச்சரிக்கைக்குப் பணிகிறது.

நாவின் மேற்பரப்பே ஆளுக்கு ஆள் வேறுபடுவது. நாவின் நுனியில், தின்பண்டங்களுக்கு இடும் நீல வண்ணத்தில் ஒரு சொட்டைத் தடவிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், நீலப் பரப்பினிடையே வண்ணம் ஏறாத இளஞ்சிவப்புப் புள்ளிகள் பல தெரியும். காளான் வடிவமுடைய இச்சிறு மேடுகளில்தான் சுவை மொட்டுகள் பதிந்துள்ளன. கணவனும் மனைவியும் அருகருகே நின்று இதைச் செய்துபார்த்தால், ஒருவர் நாவில் புள்ளிகள் நெருங்கியும் மற்றவர் நாவில் இடைவிட்டும் இருப்பதைக் காணக்கூடும். புள்ளிகள் மிகுந்தவருக்கே ருசி மிகுதி என்று முன்பு கருதப்பட்டது; எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து அப்படி உறுதி கூற முடியாது என்று பிந்திய ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. நாவின் நுனியில் இனிப்பு, பின்புறத்தில் கசப்பு என்று பங்கு பிரித்துக் காட்டும் படம் பள்ளிப் புத்தகங்களில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது; 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்ட மிகச் சிறிய வேறுபாடுகளைப் பிற்காலத்தவர் மிகைப்படுத்தியதால் விளைந்த பிழை அது. சுவை மொட்டுகள் உள்ள எவ்விடத்திலும் எல்லாச் சுவைகளையும் உணரலாம்.

நம் முன்னோர் சுவையை ஆறாக வகுத்தனர். இன்றைய விஞ்ஞானம் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என்னும் நான்கையும், 1908இல் ஜப்பானிய அறிஞர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்த உமாமி என்னும் ஐந்தாவதையும் நாவின் சுவைகளாகக் கொள்கிறது. நெத்திலிக் கருவாட்டிலும் பழுத்த தக்காளியிலும் நம்மை ஈர்ப்பது பெரிதும் இந்த ஐந்தாம் சுவையே. நம் பட்டியலில் உள்ள துவர்ப்பு, வாயின் ஈரப் பசையிலுள்ள புரதங்களை இறுகச் செய்வதால் எழும் ஒருவகை ஸ்பரிச உணர்ச்சி என்று கருதப்படுகிறது. கார்ப்போ, உள்ளபடியே வலியும் சூடும் ஆகும். உண்ணும்போது வாயில் நிகழும் அனைத்தையும் முன்னோர் சுவை என்ற ஒரே பெயரால் தொகுத்தார்கள். விஞ்ஞானம் அவற்றை வரும் வழி பார்த்துப் பிரித்தது. இரண்டும் தத்தம் நோக்கில் சரியானவையே.

காரத்தின் ரகசியத்தை 1997இல் வெளிப்படுத்தியவர் டேவிட் ஜூலியஸ். அதற்காக 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாயில் உள்ள காப்சைசின், சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரும் நரம்பு முனையின் கதவைத் தானே திறந்துவிடுகிறது. மூளையோ வாய் வெந்துபோவதாக எண்ணி, கண்ணில் நீரையும் நெற்றியில் வியர்வையையும் வருவிக்கிறது. ஆவி பறக்கும் வறுவல், ஆறிய வறுவலைவிட அதிகம் உறைப்பது இதனாலேயே. நாள்தோறும் மிகுந்த காரம் உண்பவருக்கு இந்நரம்பு முனைகள் மரத்துப் போவதால், ஒருவரைக் கலங்க வைக்கும் காரம் இன்னொருவருக்கு ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. காப்சைசின் நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகிறது. உறைப்பு மிகுந்தபோது தண்ணீரைவிட ஒரு வாய்த் தயிரோ, தேங்காய்ப் பாலோ சாந்தி தருவதன் காரணம் இதுதான்.

நாம் ருசி என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி நாவுக்குச் சொந்தமானதன்று, மூக்குக்குச் சொந்தமானது. இதைச் சோதிக்க விரும்புவோர், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப்பழம் ஒன்றை உரித்து, கண்ணை மூடி, மூக்கையும் இறுகப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு வாயிலிட்டு மெல்லட்டும். இனிப்பும் இலேசான புளிப்பும் தெரியும். அது இன்ன பழம் என்பது தெரியாது. மென்றுகொண்டிருக்கும்போதே விரல்களை எடுத்துவிட்டால், தொண்டையின் பின்வழியாக மூச்சு மேலேறிய மறுகணமே மட்டிப்பழத்தின் தனி மணம் முழுதும் வாயில் நிரம்பியது போலத் தோன்றும். அம்மணம் மூக்கின் உச்சியில் உணரப்படுவது. வாயில் இருப்பதாக நினைப்பது மூளையின் கற்பனை. 2020க்குப் பின் பெருந்தொற்றினால் முகரும் சக்தியை இழந்தவர்கள், உணவெல்லாம் மண்ணாகிவிட்டது என்று வருந்தியதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களுள் பலருக்கு நாவில் பழுது ஏதும் இல்லை.

மண ஏற்பிகளைப் படைக்கும் மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்ஸலும் கண்டுபிடித்து, 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதனிடம் இயங்கும் இத்தகைய மரபணுக்கள் ஏறத்தாழ 400. அவற்றுள் எவை கூர்மையாக வேலை செய்கின்றன, எவை மழுங்கியிருக்கின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு நாற்றம் அடிப்பதற்கு இத்தகைய ஒரு மரபணுவுடன் தொடர்பு உண்டு. மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெதிலமின் என்னும் பொருளை ஐஸ்லாந்து மக்களிடம் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அது அவ்வளவு நாற்றமாகத் தோன்றவில்லை என்றும், சிலர் அதை உருளைக்கிழங்கின் மணம் என்றும், வேறு சிலர் காய்ச்சிய சர்க்கரையின் மணம் என்றும் கூறினர் என்றும் தெரிவித்தது. மீன்கறியில் புளியோ மாங்காயோ சேர்க்கும் நம் வழக்கத்திலும் இதே ரசாயனம் இருக்கிறது. புளியிலுள்ள அமிலம் அந்நாற்றப் பொருளுடன் இணைந்து, ஆவியாகாத உப்பாக அதைக் கட்டிவிடுகிறது.

இனி, தேங்காயெண்ணெயின் வழக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே, இரணியல் பக்கத்தில், இரு பருவ மழையும் பெய்து தென்னை செழிக்கிறது. கிழக்கே, திருநெல்வேலிப் பக்கத்தில், மழை குறைந்து பனையும் எள்ளும் ஓங்குகின்றன. வேணாட்டு அரசர்களின் பழைய அரண்மனையைத் தாங்கி நிற்கும் இரணியல், 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூரின் வழிவந்த ராஜ்யத்தில் இருந்து, அன்று தமிழகத்துடன் இணைந்தது. அரசியல் எல்லை மாறிற்றே தவிர அடுப்பங்கரை மாறவில்லை. தேங்காயெண்ணெயின் மணத்துக்குக் காரணமான லாக்டோன்கள் இவ்வூர் மனைவிக்குத் தாய்வீட்டு மணமாகவும், நல்லெண்ணெயில் வளர்ந்த கணவருக்கு வேற்று வாடையாகவும் தோன்றுவதற்குப் பிறவி ஏற்பிகளைவிடப் பழக்கமே பெருங்காரணம் எனலாம். இப்பழக்கம் தொடங்கும் காலம் நாம் நினைப்பதைவிட மிக முந்தியது. ஜூலி மென்னெல்லாவும் அவர் தோழர்களும் 2001இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ தாய்மார் கேரட் சாறு பருகியிருந்தால், அவர்களுடைய குழந்தைகள் பின்னர் கேரட் மணமுள்ள உணவை அவ்வளவாக முகம் சுளிக்காமல் ஏற்றன என்று கண்டறிந்தார்கள். தாய் உண்ட உணவின் மணங்கள் பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் கலந்து சேயை அடைகின்றன. ஆதலால், நம் முதல் சமையற்பாடம் தாயின் வயிற்றிலேயே நடந்து முடிகிறது.

பழக்கத்தைப் போலவே வெறுப்பும் கற்கப்படுவதே. ஜான் கார்சியா 1955இல் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனையில், இனிப்பு நீரைக் குடித்த சமயத்தில் கதிர்வீச்சினால் நோயுற்ற எலிகள், பின்னர் அவ்வினிப்பையே ஒதுக்கின. எப்போதோ ஒரு முறை உண்டபின் வாந்தியெடுத்த பண்டத்தைச் சிலர் ஆயுள் முழுதும் தொடாதிருப்பது இவ்வகையது. இவற்றோடு அந்தந்த வேளையின் நிலையும் சேர்கிறது: மாலையில் பழம்பொரி தின்று வயிறு நிறைந்தவருக்கும் பட்டினியோடு வந்தவருக்கும் முதற் கவளம் ஒன்றாக இராது, ஒரே பண்டத்தைத் தொடர்ந்து உண்ண உண்ண அதன் இன்பம் குறையும், பேரிரைச்சலினிடையே இனிப்பும் உப்பும் மங்கித் தோன்றுவதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன, வயது ஏற ஏற முகரும் திறன் தளர்வதால், முதியோர் உப்பும் புளியும் போதவில்லை என்று கூறுவதும் இயல்பே.

இத்தனையும் அறிந்தபின் நாம் கொள்ளவேண்டிய முடிவு தெளிவானது. உணவு கெட்டுப்போயிற்றா, வெந்ததா, வேகவில்லையா என்பன பொதுவாக நிர்ணயிக்கத்தக்க விஷயங்கள். அவற்றில் சரியும் தவறும் உண்டு. ருசி அவ்வாறன்று, அதில் ஒவ்வொருவருடைய நாவும் அவரவர் அனுபவத்துக்கு மட்டுமே சாட்சி. “இது நன்றாக இல்லை” என்பது உலகுக்கு வழங்கும் தீர்ப்பு. “எனக்கு இது பிடிக்கவில்லை” என்பது உண்மை வாக்குமூலம். முன்னதைச் சொல்லப் பழகிய நாம் பின்னதைச் சொல்லக் கற்பது, ஓட்டலில் உட்கார்ந்திருக்கும் தம்பதிக்கு மட்டுமன்றி, வீட்டு அடுப்படியில் நிற்பவருக்கும் பெரிய நீதியாக அமையும். ஏனெனில், நம் இல்லங்களில் சமைப்பவர் பெரும்பாலும் பெண். தம் நாவில் சரியாக நின்ற உப்பையும் காரத்தையும் இட்டு இறக்கிய குழம்புக்காக, வேறொரு நாவின் அளவுகோலால் அவர் கடிந்துகொள்ளப்படுவது, தாம் செய்யாத பிழைக்குத் தண்டனை பெறுவதாகும். வாசகர்கள் இனிமேல் ஒரு கவளத்தைப் பற்றி வாய் திறக்குமுன், எதிரே இருப்பவர் உண்பது தாம் உண்ணும் அதே உணவன்று என்பதை நினைவில் கொள்வார்களாக. அவர் கசக்கிறது என்றால் கசக்கிறது என்றே நம்புவார்களாக.